கிலோ இருபத்தெட்டு

பஸ் போர்டில் மார்த்தாண்டம்.
சந்தையில் மீன்கூடை இறக்குகிறவள் வாயில்
இன்னும் தொடுவெட்டி.
ஒரு ராஜாவின் பெயரும் அதற்கு முந்தின பெயரும்
ஒரே டிக்கெட்டில் இறங்குகிற ஊர் இது.
மேம்பாலத்துக்குக் கீழே, தூசி அடங்காத பக்கம்,
ரோஸ்பாய் ஆக்கர் கடை. ரோஸ்பாய் நான்தான்.

பதினாறு காசு ஒரு சக்கரம்,
இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய்.
திருவிதாங்கூர் என்றொரு நாடு இருந்ததற்கு
எப்போதாவது ஒரு டப்பா நிறையச் சாட்சி வரும்.
சங்கு முத்திரைக்குக் கூடுதல் கேட்பார்கள்.
எடைக்குத்தான் காசு, அண்ணாச்சி.
குத்துவிளக்கு கொண்டு வருகிறவரிடம்
வேதம் மாறினீரா கடன்பட்டீரா என்று கேட்பதில்லை.
உச்சியில் அன்னம் இருந்தாலும் சிலுவை இருந்தாலும்
பித்தளைக்கு ஒரே ரேட்.

புதன்கிழமை குளச்சலிலிருந்து பீருக்கண்ணு வந்தான்.
குட்டியானை நிறைய உப்புக்காற்று தின்ற கட்டில்கால்கள்,
அடியில், சாக்கில் சுற்றி, ஓர் உருண்டை.
செப்டிக் டேங்குக்குத் தோண்டும்போது தட்டியதாம்.
‘டச்சுக்காரன் பீரங்கிக் குண்டாக்கும், அக்கா.’
‘டச்சுக்காரன் பில் தந்தானா?’

ஐந்து கிலோ நானூறு.
எந்த உலையில் வார்த்தார்களோ,
எத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்தார்களோ.
மிளகு விளையும் கரையெல்லாம் தனக்கென்று
கணக்கெழுதிய ஒரு கம்பெனி
என் தட்டில் லேசாக ஆடி, நின்றது.
நூற்று ஐம்பத்தொரு ரூபாய் இருபது பைசா.
அந்த இருபது பைசா
அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

முன்னா மாஞ்சிதான் அதை இறக்கி வைத்தான்.
ராஜகிர் பக்கத்துப் பையன்.
மூன்று நாள் நின்றபடி ரயிலில் வந்து
நாகர்கோவிலில் இறங்கியபோது
கால் செருப்புக்குள் நுழையவில்லையாம்.
போன ஞாயிறு கூட்டாளிகளோடு சிதறால் மலைக்குப் போனான்.
திரும்பி வந்து போனை நீட்டினான்:
பாறையில் வரிசையாக, துணியில்லாமல்,
தலைக்கு மேல் மூன்று குடையோடு,
யாருக்கும் காத்திராத முகத்தோடு சிலர்.
‘அக்கா, இது எங்க ஊர் ஆளு.
எங்க மலையிலயும் உண்டு.
இவ்வளவு தூரம் எதுக்கு வந்தாங்க?
கூலி எவ்வளவு?’

என்ன சொல்ல.
அவன் மண்ணை ஆண்டவர்கள்
பாதி பூமியைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.
இந்த முனை மட்டும் கைக்குள் அடங்கவில்லை.
படை வராத இடத்துக்கு,
எறும்பை மிதித்துவிடாமல்
பார்த்துப் பார்த்து நடந்து வந்திருக்கிறார்கள் இவர்கள்.
படுக்கப் பாறை போதும் என்றிருக்கிறார்கள்.
பிறகு, எப்போதென்று யாருக்கும் நிச்சயமில்லை,
அவர்களும் இல்லை.
அதே பாறைக்குப் பகவதி வந்தாள்.
வாடகை பாக்கி என்று
யாரும் யாரையும் தேடி வந்ததாகத் தெரியவில்லை.

‘கூலி கிடையாது’ என்றேன்.
‘அப்போ சாப்பாடு?’ என்றான்.

இரவு ஷட்டர் இறக்கப் போனால்
வாஷிங்மெஷின் அட்டையை விரித்துப் படுத்திருக்கிறான்.
மின்விசிறிக் காற்றில் அட்டை எழும்பாதிருக்க
தலைமாட்டில் அந்தக் குண்டு.
உள்ளங்கையெல்லாம் துரு.
தூக்கத்தில் அதை நெற்றியில் தேய்த்திருக்கிறான்,
குங்குமம் போல.

வெள்ளிக்கிழமை லோடு ஏறியது.
கோயம்புத்தூர் உலைக்குக் கட்டில்கால் போயிற்று,
ஜன்னல் கம்பி போயிற்று,
ஒரு பள்ளிக்கூடத்தின் கேட் முழுசாகப் போயிற்று.
டிரைவர் எண்ணிவிட்டு
‘உருண்டை எங்க?’ என்றார்.
நான் முன்னாவைப் பார்த்தேன்.
அவன் மேம்பாலத்தைப் பார்த்தான்.

நோட்டில் எழுதினேன்:
குண்டு ஒன்று, இருப்பு.

சனிக்கிழமை காலை ரேட் வந்தது.
இருபத்தேழரை.